ஆண்டவர் வழியாக

எங்கள் வீட்டில் யாரும் யாரிடமும் எதையும் நேராகச் சொல்வதில்லை. சாயங்காலம் ஏழு மணிக்கு முன்னறையில் நாலு பேரும் முழங்கால் போட்டு, கண்ணை மூடிக்கொண்டு ஆண்டவரிடம் சொல்வோம். ஆண்டவர் கேட்டாரோ இல்லையோ, கேட்கவேண்டிய ஆள் பக்கத்தில்தான் முழங்காலில் இருப்பார். காதில் விழுந்துவிடும்.

கல்யாணமாகி வந்த முதல் வாரம் எனக்கு இது புரியவில்லை. என் மாமியார், இந்த வீட்டுப் பிள்ளைகள் அதிகாலையில் எழும்பக் கிருபை தாரும் என்று உருகினார். நானும் பக்தியோடு ஆமென் சொன்னேன். அந்த வீட்டில் ஆறு மணிக்குமேல் தூங்குகிற ஒரே பிள்ளை நான்தான் என்பது மறுநாள்தான் உறைத்தது. அதன்பிறகு ஒன்பது வருஷம் ஓடிவிட்டது. சாப்பாட்டில் உப்பு கூடியது, அம்மா வீட்டில் நான் இரண்டு நாள் கூடுதலாகத் தங்கியது, குழந்தை இல்லாதது எல்லாம் பரலோகம் வரை போய்விட்டுத்தான் எனக்கு வந்து சேர்ந்தன. மாமியார் மற்ற நேரத்தில் நம்மைப் போலத்தான் பேசுவார். கண்ணை மூடினால் மட்டும் வேதப்புத்தகத் தமிழ் வந்துவிடும். குத்திக்காட்டுவதற்கென்றே தனியாக ஒரு தமிழை வைத்திருக்கிற குடும்பம் இது.

என் கணவர் பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியார். கரும்பலகையைப் பார்த்தே பாடம் நடத்துவார், பிள்ளைகள் பக்கம் திரும்பவே மாட்டார் என்று அவரோடு வேலை பார்க்கும் டீச்சரே என்னிடம் சொல்லியிருக்கிறார். வீட்டில் மட்டும் திரும்பிவிடுவாரா என்ன? மாமனாரைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. ஜெபத்தில் பாதி நேரம் தூங்குவார். ஆனால் யார் ஜெபம் முடிந்தாலும் முதல் ஆமென் அவருடையதுதான்.

நான் ஒரு லேபில் ரத்தம் எடுத்து, பரிசோதனை செய்து, ரிப்போர்ட் கொடுக்கிறவள். வருகிறவர்கள் கையை நீட்டிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொள்வார்கள். ஊசி இறங்கும்போது சிலர் வாய்க்குள்ளேயே யாரையோ கூப்பிடுவார்கள். அதைக் கேட்டால் கடவுள் இருந்தாலும் இருப்பார் என்று எனக்குத் தோன்றும். ஏழு மணிக்கு வீட்டில் முழங்கால் போட்டதும் அந்த எண்ணம் போய்விடும். வானத்தையும் பூமியையும் படைத்தவர் இந்த நாலு பேருக்கு நடுவில் தபால் கொடுத்துக்கொண்டா இருப்பார்? அவருக்குக் கூச்சமாக இருக்காதா?

போன திங்கட்கிழமை எங்கள் முதலாளியம்மா என்னைக் கூப்பிட்டு உட்காரவைத்தார். இன்னொரு ஊரில் புதிதாக லேப் திறக்கப்போவதாகவும், அதை நான்தான் பொறுப்பெடுத்து நடத்தவேண்டும் என்றும் சொன்னார். வெள்ளிக்கிழமைக்குள் பதில் வேண்டுமாம். லேபில் சேர்ந்த பன்னிரண்டு வருஷத்தில் முதல் தடவையாக ஒருவர் என்னை நம்பி ஒன்றை ஒப்படைக்கிறார், எனக்குக் கண்ணே கலங்கிவிட்டது. கணவரிடம் சொன்னேன். அந்த ஊரிலும் பள்ளிக்கூடம் இருக்கிறது, நீங்களும் வாங்க, நாம் பேசி முடிவெடுத்துவிட்டு அத்தையிடம் சொல்லலாம் என்றேன். பலமாகத் தலையாட்டினார். அன்றைக்கு ஏழு மணிக்கே, என் மனைவிக்கு வேறு ஊரில் வந்திருக்கிற வேலையை உம்முடைய பாதத்தில் வைக்கிறேன் ஆண்டவரே என்று போட்டு உடைத்துவிட்டார். ஆண்டவர் பாதத்தில் வைத்தாராம். வைத்தது அவர் அம்மா மடியில்.

மறுநாளே ஆண்டவர் மாமியாரோடு பேசிவிட்டார். எப்போதும் மத்தியானத் தூக்கத்தில்தான் பேசுவார். ஒன்பது வருஷத்தில் ஒரு தடவைகூட ஆண்டவர் என் மாமியார் நினைத்ததற்கு மாறாக ஒரு வார்த்தை சொன்னதில்லை. மாமியாருக்கு வாய்த்த நல்ல மருமகள் அவர்தான், நான் இல்லை. புதன்கிழமை ஜெபத்தில், மனுஷர் ஒவ்வொருவரையும் ஒரு நோக்கத்தோடு படைத்திருக்கிறீர் என்றும், பெண்ணைப் படைத்த நோக்கம் அவள் வாழவந்த வீடு என்றும் ஆண்டவருக்கே விளக்கினார். பாவம், படைத்தவருக்கு அது தெரியாதல்லவா. வியாழக்கிழமை, திறக்கக்கூடாத கதவை அடைத்துப்போடும் என்று கேட்டுக்கொண்டார். என் கணவர் அதற்கும் ஆமென் சொன்னார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அம்மாவுக்குப் பயப்படுகிற ஆம்பிளைகளை நிறையப் பார்த்திருக்கிறேன். பயத்துக்குப் பக்தி என்று பெயர் வைத்து அதற்கும் ஒரு மரியாதையை எதிர்பார்க்கிற ஆளை இங்கேதான் பார்த்தேன்.

வெள்ளிக்கிழமை ஏழரைக்குப் போன் செய்வதாக முதலாளியம்மா சொல்லியிருந்தார். ஏழு மணிக்கு முழங்கால் போட்டோம். என் முறை வந்தால் எல்லாவற்றுக்கும் ஸ்தோத்திரம் என்று ஒரே வரியில் முடித்துக்கொள்வது என் வழக்கம். அன்றைக்குக் கண்ணைத் திறந்தே வைத்துக்கொண்டேன்.

"ஆண்டவரே, நீங்க இருக்கீங்களான்னு எனக்கு நிச்சயமாத் தெரியாது," என்றேன். "இருந்தீங்கன்னா ஒண்ணு சொல்றேன். இந்த வீட்ல இதுவரைக்கும் யாரும் உங்ககிட்ட பேசினதே இல்ல. எல்லாம் எனக்குச் சொன்னது. நீங்க உங்களுக்குன்னு நினைச்சுக் கேட்டிருந்தா மன்னிச்சிருங்க. என்னை எதுக்குப் படைச்சீங்கன்னு இங்க எல்லாருக்கும் தெரிஞ்சிருக்கு, எனக்குத்தான் தெரியல. போய்ப் பாத்துத் தெரிஞ்சுக்கிறேன். நான் அந்த வேலைக்குப் போறேன்."

"ஆமென்," என்றார் மாமனார், தூக்கத்திலிருந்து. பழக்க தோஷத்தில் என் கணவரும் சொன்னார். மாமியார் 'ஆ' வரைக்கும் வந்து வாயை மூடிக்கொண்டார்.

பிறகு கண்ணைத் திறந்து, என்னடி பேசுற என்று என்னையே பார்த்துக் கேட்டார். ஒன்பது வருஷத்தில் என் முகத்தைப் பார்த்து அவர் கோபப்பட்டது அதுதான் முதல் தடவை. எனக்கு அவர்மேல் கொஞ்சம் மரியாதைகூட வந்தது. உள்ளதைத்தான் சொன்னேன் அத்தை என்றேன்.

கணவர் பக்கம் திரும்பினேன். அவர் இன்னும் கண்ணைத் திறக்கவில்லை. நீங்க வர்றீங்களா என்று கேட்டேன். ஆண்டவரே, எனக்கு வழியைக் காட்டும் என்று ஆரம்பித்தார்.

"அவர்கிட்ட இல்ல, என்கிட்ட சொல்லுங்க," என்றேன். "வரலைன்னாலும் பரவாயில்ல. கண்ணத் திறந்து சொல்லுங்க."

வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், வரமாட்டேன் என்று என்னைப் பார்த்துச் சொல்லியிருந்தால்கூட முதலாளியம்மாவிடம் இன்னும் கொஞ்ச நாள் கேட்டு வாங்கியிருப்பேன். அவ்வளவு ஆசை எனக்கு அந்த மனுஷன்மேல் இருந்தது. அவர் கண்ணை இன்னும் இறுக்கி மூடிக்கொண்டார். உதடு மட்டும் அசைந்துகொண்டிருந்தது.

போன் அடித்தது. சம்மதம் என்று சொன்னேன். முதலாளியம்மாவுக்கு ரொம்ப சந்தோஷம். நாளைக்கே வீடு பார்க்கச் சொல்லிவிடுகிறேன், எத்தனை பேருக்கு என்று கேட்டார். சின்ன அறை அது, போனில் அவர் பேசியது எல்லோருக்கும் கேட்டது. நான் கணவரையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் உதடு அசைவது நின்றது. கண் திறக்கவில்லை.

"ஒருத்தருக்குப் போதும்மா," என்றேன்.