கருவண்டும் அரக்குப் புடவையும்

“தொடாதேங்கறேனே! மடி!”

“புடவைய யாரு மாமி தொட்டா? மூங்கிலைத்தான் பிடிச்சிருக்கேன். தூக்கிப் போட விடமாட்டேன்!”

வடக்கு மாட வீதிக்குப் பின்னால், இரண்டாம் மாடிப் பொது வராந்தா. ஒரு முனை ஜெயலக்ஷ்மி மாமி வீடு, மறுமுனை சாருலதா வீடு. மாமி மடிப்புடவை உலர்த்தும் மூங்கிலில் ஒரு கருவண்டு துளை போட்டுக் குடித்தனம் வைத்துவிட்டது. நந்தனம் கல்லூரியில் விலங்கியல் படிக்கும் சாருலதா, அதன் முதுகில் வெள்ளை நகப்பூச்சால் பொட்டு வைத்து, எப்படி வழி கண்டு திரும்புகிறது என்று ஆறு வாரமாகக் குறிப்பெடுத்துவந்தாள். மூங்கில் குப்பைக்குப் போனால் உள்ளே வளரும் புழுக்களும் போச்சு, படிப்புக்கான ஆராய்ச்சியும் போச்சு.

“என் வாசல்ல கட்டிக்கிறேன் மாமி.”

“அதுக்கு உன் அட்ரஸ் தெரியுமாக்கும்? திரும்ப எங்காத்துக்குத்தான் வரும்.”

“பக்கத்துல இருக்கற பொருளை அடையாளம் வச்சுத்தான் வருது. அதையும் சேத்து மாத்தினா போதும்.”

“வரலேன்னா குப்பைதான், சொல்லிட்டேன்.”

மாமி கோலால் புடவையை எடுத்து உள்ளே வைத்தாள். மாமியின் பிள்ளை நிரஞ்சன் மூங்கிலைத் தூக்கினான். தான் யார் கட்சி என்பது அவனுக்கே தெரியாவிட்டாலும் கீழ்வீட்டுக்காரர்களுக்குத் தெரியும். மூங்கிலுக்குப் பக்கத்திலிருந்த பச்சை வாளி, துளசித் தொட்டி எல்லாம் அதே வரிசையில் மறுமுனைக்குப் போயின.

வண்டு வந்தது, கால் நிறைய மகரந்தத்தோடு. பழைய இடத்தைச் சுற்றியது. வாளிவரை வந்து, தயங்கி, திரும்பிப் போயிற்று. மறுபடியும் அதே கதை.

சாருலதா குறிப்பேட்டைப் புரட்டினாள். எதை விட்டோம்? தினம் காலையில் துளையை ஒட்டித் தொங்கியது, தொடக்கூடாது என்பதாலேயே அவள் குறிப்பில் ஏறாதது…

“மாமி, உங்க அரக்குப் புடவை! அதைத்தான் தேடுது!”

“உன் வாசல்லயா? நன்னாருக்கு!”

“அம்மா, பாவம்மா அது” என்றான் நிரஞ்சன்.

“நீ பேசாதே!”

வண்டு இன்னொரு சுற்றுச் சுற்றியது. மாமி முணுமுணுத்துக்கொண்டே உள்ளே போய், ஒன்பது கஜத்தையும் கோல்நுனியில் ஏந்தி வந்து மூங்கிலில் வீசினாள்.

வண்டு திரும்பியது. புடவை ஓரமாக இறங்கியது. துளைக்கு நேரே ஒரு கணம் மிதந்தது.

“போயிடுத்துடி! உள்ள போயிடுத்து!” கத்தியது மாமிதான்.

புழுக்கள் வண்டாகிப் பறக்கும்வரை மடிப்புடவை அந்த வாசலில்தான் காய்ந்தது. கோலை ஏந்திக்கொண்டு தினம் இரண்டு நடை வரும் மாமி, அங்கேயே காபியும் குடிக்கத் தொடங்கினாள். தி. நகரில் ஜவுளிக்கடை வைத்திருக்கும் சாருலதாவின் அப்பா நிரஞ்சனைக் கேட்டுச் சம்பந்தம் பேச வந்தபோது, மாமியால் அதிகம் முறைக்க முடியவில்லை. தை மாதம் கல்யாணம். சாருலதா மேற்கொண்டு வண்டு ஆராய, இருவரும் பெங்களூருக்குக் குடிபோய்விட்டார்கள்.