டொக் என்ற இடம்

1

இந்தக் கதை ஒரு சத்தத்திலிருந்து வந்தது. விமானத்தின் இறக்கையை ஐந்து ரூபாய் நாணயத்தால் தட்டிக்கொண்டே போனால் டிங், டிங் என்று கேட்கும். ஓரிடத்தில் டொக் என்றது. உள்ளே அடுக்குகள் ஒட்டவில்லை என்று அர்த்தம். தட்டியது நான். கதையில் ஜாபேஸ் தட்டட்டும். அவனிடம் கொடுத்துவிட்டால் என் கை சும்மா இருக்கும் என்று நினைத்தேன்.

முதல் தொடக்கம்: "சித்தூரில், ஜாபேஸ் வீட்டுக்குப் பின்னால், தகரக் கொட்டகையில் ஒரு விமானம் இருந்தது." (பொய் மாதிரி இருக்கிறது. ஆனால் இருந்தது. இரண்டு பேர் உட்காரலாம். கண்ணாடி இழைத் துணியும் ரெசின் பசையும் கொண்டு அடுக்கடுக்காக அவனும் மனைவி கேசியாவும் ஆறு வருடமாகக் கட்டியது.)

இரண்டாம் தொடக்கம்: "கேசியா இறந்து ஏழு மாதம் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை அவன்"

(வேண்டாம்.)

2

கோவர்த்தனன் நகரியில் ஃபைபர் கதவு செய்கிறவன். ஜாபேஸின் நண்பன். விமானம் சோதனையில் தேறிவிட்டால் பக்கத்து இருக்கையில் உட்காரப்போகிறவன்.

"எங்க சாமி உண்டியல்ல ஒரு காசு போட்டிருப்பியாடா? இங்க இன்னா தட்டிக்கினு கீற?"

"இத கேளு."

கேட்டான். சிரிப்பு நின்றது.

"உள்ளங்கை அகலம் கீது. தேய்ச்சு எடுத்துட்டு மறுபடி போடணும். இன்னா யோசிக்கிற?"

"மேல் அடுக்கு நான் போட்டது. அதுக்கு அடியில கேசியா போட்டது."

3

கேசியா அந்த அடுக்கைப் போட்ட அன்று, ரெசின் கலக்கியாகிவிட்டது.

"ஏங்க, தலை ஒரு மாதிரியா கீது."

"அரை மணியில இறுகிடும் கேசியா. இத முடிச்சிட்டுப் போய்ப் படு."

"பொண்டாட்டியவிட ரெசின்தான் அவசரம் உங்களுக்கு," என்று சிரித்துக்கொண்டே பிரஷ்ஷை எடுத்தாள்.

டெங்கு. ஆறாம் நாள், திருப்பதியில் ஒரு ஆஸ்பத்திரியில்.

(இந்த இடத்தில் நீளமாக எழுத வேண்டும் என்பார்கள். முடியவில்லை.)

4

ஓர் அடுக்கு போட்டதும் அதன்மேல் ஒரு நைலான் துணியைப் பரப்புவார்கள். அதில் சிவப்பு நூல் ஓடும். அடுத்த அடுக்குக்கு முன் அதை உரித்துவிட வேண்டும். இல்லாவிட்டால் ஒட்டாது. அடக்கம் முடிந்த மறுவாரம் ஜாபேஸ் மேல் அடுக்கைப் போட்டான். உரித்தானா? நினைவில்லை.

தேய்க்கும்போது சிவப்பு நூல் தெரிந்தால், அவன் உரிக்க மறந்திருக்கிறான். அவள் வேலை சுத்தம். அவள் போட்ட அடுக்கு அப்படியே இருக்கலாம்.

நூல் இல்லாமல் அவளுடைய அடுக்குக்கு அடியில் காற்று இருந்தால், அன்றே அவள் கை நடுங்கியிருக்கிறது. அவன் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தான். படுக்க அனுப்பவில்லை.

(மூன்றாவதாக ஒரு முடிவும் வைத்திருந்தேன்: தேய்க்காமல் பெயின்ட் அடித்துவிடுகிறான். ஆனால் பக்கத்து இருக்கையில் கோவர்த்தனன் உட்காருவான். அந்த முடிவைக் கோடு போட்டு அடித்துவிட்டேன்.)

5

"நீ வெளிய போடா. நான் தேய்க்கிறேன்."

"குடு இங்க."

ஜாபேஸ் தேய்க்கும் மெஷினை அவனிடமிருந்து வாங்கி, முகமூடி போட்டுக்கொண்டு தேய்த்தான். மேல் அடுக்கு போனது. வெள்ளைத் தூசு அந்த இடத்தையே மூடியது. மெஷினை நிறுத்தினான்.

கோவர்த்தனன் துணியை எடுத்தான். "தொடைக்கட்டா?"

(சிவப்பு நூல் தெரிந்தது என்று ஒரு தடவை எழுதினேன். எனக்குச் சாதகமாக எழுதியது போலிருந்தது. தெரியவில்லை என்று எழுதினேன். அன்று முழுக்கச் சாப்பிடவில்லை. இரண்டையும் கிழித்தேன்.)

ஜாபேஸ் துணியை வாங்கி அவனே துடைத்தான். குனிகிறான்.

நான் வாசல் பக்கம் திரும்பி நிற்கிறேன். நீங்கள் பாருங்கள். எனக்குச் சொல்ல வேண்டாம்.