டார்சியின் சிவப்பு பி

என் காரின் முன்னும் பின்னும் சிவப்பு எழுத்தில் பி அட்டை இருக்கிறது. புதிதாக லைசென்ஸ் வாங்கிய பிள்ளைகள் மாட்டிக்கொள்வது. எனக்கு வயது நாற்பத்தெட்டு. அட்டை என் மகன் டார்சியுடையது. அவன் போன பிறகும் நான் அதைக் கழற்றவில்லை. மாட்டியிருக்கும்வரை அதற்குரிய மரியாதை கொடுக்க வேண்டுமென்று, பி-க்கு விதித்த தொண்ணூறு கிலோமீட்டர் வேகத்துக்கு மேல் ஓட்டுவதுமில்லை. கோதுமை லாரிக்காரர்கள் பின்னால் வந்து ஹாரனை அலற விடுவார்கள். முந்திப் போகும்போது திட்டுவதற்குக் கண்ணாடியை இறக்குவார்கள். நரைத்த தலையோடு ஒரு பெண்ணைப் பார்த்ததும் வாயை மூடிக்கொள்வார்கள். ஊர் போலீஸ்காரர் டெரி ஒரு தடவை நிறுத்தினார். அட்டையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், "பார்த்துப் போ கெரின்" என்று அனுப்பிவிட்டார்.

டார்சி போனது மே மாதம், ஃபுட்டி என்கிற எங்கள் ஊர்க் கால்பந்து ஆட்டம் முடிந்த ஒரு சனிக்கிழமை. கிளப்பில் ஒரு கிளாஸ் பீர் குடித்திருந்தான். சிவப்பு பி மாட்டியவன் ஒரு சொட்டு குடித்தாலும் வண்டியைத் தொடக்கூடாது. அதனால் ஒழுங்காக, எடுத்துப்போயிருந்த என் காரின் சாவியைக் கவுண்டரில் கொடுத்துவிட்டு ஆங்கஸின் காரில் ஏறினான். ஆங்கஸும் சிவப்பு பி-தான், ஆனால் குடிக்கவில்லை. காரில் நாலு பையன்கள். ராத்திரி பதினொன்றுக்கு மேல்தான் அப்படி ஏற்றக்கூடாது. அப்போது இருட்ட ஆரம்பித்த நேரம். வேகமும் தொண்ணூறுக்குள்தான். ஒரு சட்டத்தையும் ஒருத்தனும் மீறவில்லை. யாரைப் பிடித்து உலுக்குவது?

கங்காரு குறுக்கே பாய்ந்தது. ஆங்கஸ் ஸ்டியரிங்கைத் திருப்பினான். டார்சி உட்கார்ந்திருந்த பக்கம் மரத்தில் மோதியது.

திருப்பக்கூடாது. எங்கள் பக்கத்துப் பிள்ளைகளுக்கு நடக்கத் தெரியும் முன்பே இதைச் சொல்லிவிடுவோம். கங்காரு வந்தால் பிரேக்கை மிதி, நேராகப் பிடி, மோதினால் மோதட்டும். ஆங்கஸையும் கேட்டிருந்தால் கடகடவென்று ஒப்பித்திருப்பான். வாய்க்குத் தெரிந்தது அவன் கைக்குத் தெரியவில்லை.

துக்கத்துக்கு வந்தவர்கள் ஆளுக்கொரு தட்டு சீஸ் லசான்யா கொண்டுவந்தார்கள். பிள்ளை செத்த வீட்டுக்கு இவ்வளவு சீஸ் எதற்கென்று யாரும் யோசிப்பதில்லை. ஃப்ரீசரில் இன்னும் கிடக்கிறது. ஆங்கஸும் வந்தான், கையில் கட்டோடு. அவனைப் பார்த்தால் கோபம் வருமென்று காத்திருந்தேன். வரவில்லை. அழுகையும் வரவில்லை. மனசு, பல் பிடுங்க ஊசி போட்ட ஈறு மாதிரி இருந்தது. இப்போது ஆகஸ்ட், இன்னும் அப்படித்தான் இருக்கிறது.

இன்று என் மகள் ஹேட்டிக்கு டிரைவிங் டெஸ்ட். பதினேழு வயது. திங்கட்கிழமை டிராக்டர் ஒர்க்‌ஷாப்பில் வேலை கற்றுக்கொள்ளச் சேர வேண்டும். ஒரு மணி நேரப் பயணம், பஸ் கிடையாது. லைசென்ஸ் இல்லையென்றால் அந்த இடத்தை வேறு ஒருவருக்குக் கொடுத்துவிடுவார்கள். பழகும்போதெல்லாம் அவள் அப்பா வாரன்தான் பக்கத்தில் உட்கார்ந்தார். நான் ஒரு நாளும் உட்காரவில்லை. அவருடைய வண்டி நேற்றுப் பார்த்துக் கிளட்ச் போய் நிற்கிறது. ஆகவே என் காரில் அவளை அழைத்துக்கொண்டு டவுனுக்கு வந்தேன்.

லைசென்ஸ் ஆபீஸ் வாசலில் ஹேட்டி மஞ்சள் எல் அட்டையோடு நின்றாள். பழகுகிறவர்கள் மாட்டுவது.

"அம்மா, பியைக் கழட்டணும்."

"பக்கத்துல மாட்டிக்கோ."

"ரெண்டும் இருந்தா டெஸ்டே எடுக்க மாட்டாங்கம்மா."

டெஸ்ட் எடுக்கிற அதிகாரி வெண்டி வெளியே வந்தாள். "என்னடி இது, எல்லும் பியும் ஜோடி போட்டு நிக்குது? கல்யாணமா? ஒண்ணைக் கழட்டு" என்று சிரித்தாள். அப்புறம்தான் என்னைப் பார்த்தாள். சிரிப்பு நின்றுவிட்டது. "நான் ஒரு டீ குடிச்சிட்டு வரேன். நீங்க மெதுவா பார்த்துச் செய்யுங்க" என்று உள்ளே போனாள்.

நான் பின் அட்டையின் மேல் கையை வைத்துக்கொண்டு நின்றேன்.

"திங்கக்கிழமை நான் எதுல போறது? கங்காரு முதுகுலயா?" என்றாள் ஹேட்டி. சொன்ன கையோடு நாக்கைக் கடித்துக்கொண்டாள். பிறகு சின்னக் குரலில், "செத்தது அவன்மா. நான் இல்ல" என்றாள்.

நான் அட்டையை விடவில்லை. லைசென்ஸ் கிடைக்காவிட்டால் வீட்டில் இருப்பாள். வீட்டில் இருந்தால் உயிரோடு இருப்பாள். வேலை போனால் போகட்டும், என்மேல் ஆயுசுக்கும் காறித் துப்பட்டும்.

அவள் என் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்தாள். இரண்டு பி அட்டையையும் கழற்றி என் கையில் வைத்தாள். "பிடி. கீழ போட்டுடாத."

நான் ஆபீஸ் பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். அவள் தோற்க வேண்டும் என்று வேண்டிக்கொண்டேன். பெற்றவள் வேண்டுகிற வேண்டுதலா அது!

ஜெயித்து வந்தாள். "வெண்டி புது அட்டை தரேன்னாங்க. எங்க வீட்ல இருக்குன்னுட்டேன்" என்று சொல்லி, என் மடியிலிருந்ததை எடுத்து முன்னும் பின்னும் மாட்டினாள். பிறகு சாவிக்குக் கை நீட்டினாள். கொடுத்தேன். பக்கத்து சீட்டில் ஏறினேன். டார்சி உட்கார்ந்திருந்த பக்கம்.

மளிகை வாங்கிக் கிளம்புவதற்குள் வெயில் சாய்ந்துவிட்டது. அவள் தொண்ணூறிலேயே போனாள். பின்னால் ஒரு லாரி ஹாரன் அடித்தது. "அடிச்சுக்கிட்டே இரு ராசா, உன் கைதான் வலிக்கும்" என்றாள். லாரி முந்திப் போனது.

வேலியோரப் புல்லிலிருந்து அது வந்தது. பெரியது. நான் கத்தினேனா என்று தெரியவில்லை. எனக்கு அவள் கைகள் மட்டும்தான் தெரிந்தன. இரண்டும் ஸ்டியரிங்கில், விரல்முட்டி வெளுத்து, அசையாமல். பிரேக் கிறீச்சிட்டது. டமாரென்று மோதினோம். கார் நின்றது.

ஹேட்டி இறங்கி ஓடினாள். அடிபட்ட கங்காருவின் பையில் குட்டி இருக்கிறதா என்று பார்ப்பது இங்கே எல்லோருக்கும் பழக்கம். "ஆண்தாம்மா! குட்டி இல்ல!" என்று கத்தினாள். அழுதுகொண்டே திரும்பி வந்தவள் காரின் முன்னால் குனிந்தாள். அட்டை இரண்டாக உடைந்திருந்தது.

"டார்சியோடது உடைஞ்சுபோச்சும்மா. மன்னிச்சுக்கம்மா."

நான் இறங்கிச் சாலையைப் பார்த்தேன். டயர் தேய்ந்த கறுப்புத் தடம் நேராக வந்திருந்தது. கொஞ்சமும் வளையவில்லை. இவ்வளவுதானா? நேராகப் பிடித்துக்கொண்டிருந்தால் போதுமா? ஒரு கங்காருவும் நசுங்கின பானெட்டும்தானா? அடப்பாவி ஆங்கஸ், உன் கையை வெட்ட! இத்தனை மாதம் வராத கோபம் அந்தத் தார்ச்சாலையில் வந்தது. கூடவே அழுகையும் வந்தது. சாலையோரம் உட்கார்ந்து, என் பிள்ளை, என் பிள்ளை என்று வாய்விட்டு அழுதேன்.

ஹேட்டி பயந்துபோனாள். பக்கத்தில் உட்கார்ந்து என் தோளைப் பிடித்துக்கொண்டாள். வெகுநேரம் கழித்து, "அம்மா, நீ ஓட்டுறியா? எனக்குக் கை நடுங்குது" என்றாள்.

"எனக்கும்தான் நடுங்குது. நீயே ஓட்டு" என்றேன். "வழியில பெட்ரோல் பங்க்ல நிறுத்து. உனக்குப் புது அட்டை வாங்கணும்."