கேட்காமல் போன சொல்

மூன்று மணிக்கு வரும் பிள்ளையின் அம்மா பேச்சுப் பயிற்சி அறைக் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே ஓடினாள். பெற்றோர் உள்ளே வரக்கூடாது என்பது விதி. மையத்தை நடத்தும் அக்கா தடுக்க எழுவதற்குள், "'தா'ன்னு கேட்டா மிஸ்! பந்தக் காட்டி 'தா'ன்னா! கேட்டீங்கல்ல?" என்று அவள் அழுதாள்.

பாயில் குழந்தைக்கு எதிரே உட்கார்ந்து பயிற்சி கொடுத்துக்கொண்டிருந்த அவளுடைய தங்கை ஒரு நொடி மலங்க விழித்தாள். பிறகு சிரித்தாள். "கேட்டேம்மா."

குழந்தை இன்னும் கையை நீட்டிக்கொண்டிருந்தது. பந்து தங்கையின் மடியிலேயே கிடந்தது. அக்காவின் கண் அந்தப் பந்திலேயே நின்றது. பேச்சு வராத பிள்ளை வாய் திறந்து கேட்டால், கேட்டது அந்த நொடியே கைக்கு வந்தாக வேண்டும். புதிதாகச் சேர்கிறவர்களுக்கு முதல் நாளே இதைச் சொல்லிக்கொடுப்பவள் தங்கைதான்.

போன மாதம் இரண்டு பயிற்சியாளர்கள் அடுத்தடுத்து நின்றுவிட்டார்கள். அவர்களுடைய பிள்ளைகளை அனுப்பிவிட்டால் வாடகையும், தங்கையோடு சேர்த்து மிச்சமிருக்கும் மூன்று பேரின் சம்பளமும் நின்றுபோகும். இந்த மூன்று பேர் தலையில் கட்டினால் இவர்களும் போய்விடுவார்கள். மற்ற இருவரிடம் கேட்கவே அக்காவுக்குப் பயம். தங்கையிடம் கேட்க வேண்டியிருக்கவில்லை. அவளுக்கு ஒரு நாளைக்கு நாலு பிள்ளைகளாக இருந்தது ஏழானது. கூடப்பிறந்தவள், கோபித்துக்கொண்டு எங்கே போய்விடுவாள்?

கை கழுவும் இடத்தில் தங்கை குழாயைத் திறந்துவிட்டு நின்றாள்.

"கேக்கலக்கா."

"தெரியும்டி."

"கண்ணு தொறந்துதான் இருந்துச்சு. வாய் அசைஞ்சதயும் பாத்தேன். மண்டையில ஏறல. பதினோரு மாசம் அந்த ஒரு சத்தத்துக்குத்தான உக்காந்திருந்தேன்?"

"நாளைலேருந்து அஞ்சு போதும்."

"மீதி ரெண்டு? எந்த அம்மாகிட்ட போய் வேணாம்னு சொல்லுவ?"

'நீ படுத்துட்டா ஏழும் போயிடுமேடி' என்று அக்காவுக்கு வாய்வரை வந்துவிட்டது. தங்கச்சி என்பதற்கு முன்னால் அந்தக் கணக்கு முந்திக்கொண்டது அவளுக்கே உறைத்தது; கைநீட்டிக் குழாயை மூடினாள்.

"நாலு மணிப் பையன நான் பாத்துக்கறேன். நீ வீட்டுக்குப் போ."

"உங்கிட்ட கத்துவான்."

"கத்தட்டும்."

கத்தினான். பழகிய முகம் இல்லாததால் கதவில் தலையை மோதப் போனான். அக்கா தன் உள்ளங்கையைக் குறுக்கே கொடுத்தாள். அவன் மோதினான், மறுபடி மோதினான். வெளியே மேசையில் போன் அடித்து ஓய்ந்து, மறுபடி அடித்தது. எடுக்க ஆளில்லை.

கதவின் கண்ணாடி வழியே காத்திருப்போர் நாற்காலி வரிசை தெரிந்தது. செருப்பு மாட்ட உட்கார்ந்த தங்கை, தோளில் பையோடு, ஒரு கால் செருப்போடு, அப்படியே தூங்கிப்போயிருந்தாள். அவள் தலை, பக்கத்திலிருந்த மூன்று மணிப் பிள்ளையின் அம்மா தோளில் சரிந்திருந்தது. அந்த அம்மா அசையவில்லை. கைபேசியை வாயருகே ஒட்டிவைத்துக்கொண்டு, யாரிடமோ, தூங்குகிறவள் விழித்துவிடாத குரலில், 'தா' என்ற அந்த ஒற்றை எழுத்தைத் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தாள்.