எழுபத்தொன்றில் நிற்கும் ஆட்டக்காரர்கள்

"ரிப்போர்ட்டுல என் பேர் வரணும் சார்."

இதைக் கேட்கவே கூடாது என்று வேலைக்குச் சேர்ந்த அன்றே பக்கத்து நாற்காலிக் குந்தவை சொல்லியிருந்தாள். "லீவு கேளு, ஃபேன் கேளு, ஞாயித்துக்கெழமை பூசைக்குப் போகணும்னு கேளு. பேரை மட்டும் கேட்டுடாதடி." எட்டு மாதம் நான் கேட்கவில்லை. பொறுமையெல்லாம் இல்லை. என் பேரைப் போடுகிற அளவுக்கு எதையும் எழுதியிருக்கவில்லை. இப்போது எழுதியிருந்தேன்.

சூர்யபிரகாஷ் சார் மானிட்டரிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "எந்த ரிப்போர்ட்டு?"

"பேஸ்பால் ரிப்போர்ட்டு."

"அது பஞ்சநதம் பேர்ல போறது. உனக்குத் தெரியாதா?"

தெரியும். தஞ்சாவூர் மெடிக்கல் காலேஜ் ரோட்டில், பம்ப்செட் கடைக்கு மேல் மாடியில் ஆறு பெண்கள் உட்கார்ந்து, அமெரிக்கக் கம்பெனி ஒன்று கடைக்கு அனுப்பப் போகும் வீடியோ கேமை விளையாடிப் பார்த்து, எது நன்றாக இருக்கிறது, எது இல்லை என்று எழுதுகிறோம். எழுதியதெல்லாம் டல்லாஸில் இருக்கும் சாரின் தம்பி பஞ்சநதம் பேரில் போகும். அங்கே அவர் நேட். நேட்டுக்கு பேஸ்பால் அத்துப்படி என்று அந்தக் கம்பெனி நம்புகிறது. அவர் ஒருமுறை மைதானத்துக்குப் போய்ப் பாப்கார்ன் சாப்பிட்டு வந்திருக்கிறார்.

"அவர் ஒரு வரி கூட எழுதலையே சார்."

"மட்டையைக் கீழே போட்டுட்டு ஓடுறான், சரி பண்ணுங்கன்னு எழுதினவ நீ. அதை நான் படிக்காம அனுப்பியிருந்தா இந்நேரம் இங்க மாட்டுத்தீவனம் வித்துக்கிட்டிருப்போம்."

பின்னால் யாரோ சிரித்தார்கள். சிரிக்கட்டும். அந்தத் தப்பை ஆறு பேரும் சேர்ந்துதான் செய்தோம். அறுத்த வயலில் ஸ்டம்ப் நட்டுக் கிரிக்கெட் ஆடுவதைப் பார்த்து வளர்ந்தவர்கள் நாங்கள். மட்டையை நீட்டிக் கோட்டைத் தொட வேண்டும், அதனால் மட்டையோடுதான் ஓட வேண்டும். இந்த ஆட்டத்தில் அடித்தவன் மட்டையை வீசிவிட்டு ஓடினான். பேஸ்பாலில் அதுதான் முறை என்று தெரியாமல், கையிலிருந்து மட்டை நழுவும் கோளாறு என்று பதினேழு படங்களோடு எழுதி வைத்தோம். என் கையால்தான் டைப் அடித்தேன்.

அதன் பிறகு விதிப் புத்தகத்தை ஜெராக்ஸ் எடுத்து, திருக்காட்டுப்பள்ளி பஸ்ஸில் போகவர ஒன்றரை மணி நேரம் படித்தேன். எங்கள் வீட்டில் காலேஜுக்குப் போன முதல் ஆள் நான். எதையும் யாரும் சொல்லித் தந்து பழக்கமில்லை, படித்துத்தான் பழக்கம். "வெளையாடுறதுக்கா பஸ் ஏறிப் போற?" என்று அப்பா தினமும் கேட்பார். குத்தகை நிலத்தில் நாற்றுக்கட்டு தூக்கிப் போட்டவருக்கு இதை எப்படி விளக்குவது? "ஆமா" என்பேன்.

அந்த ஆட்டத்தின் பலத்தை நான் குறைத்து எழுதவில்லை. எட்டுப் பக்கம் எழுதியிருந்தேன். பந்தை எறிகிறவன் களைத்துப் போனால் திரையில் எழுத்து எதுவும் வராது. தோள் கொஞ்சம் இறங்கும், கையிலிருக்கும் கன்ட்ரோலரின் அதிர்வு தளரும், பந்து அரை சாண் மேலே போகும். பார்த்துப் புரிந்துகொண்டு ஆளை மாற்ற வேண்டும். ஆடுகிறவருக்குக் கண்ணும் மூளையும் இருக்கிறது என்று நம்பிச் செய்த வேலை. பந்து மட்டையில் எந்த இடத்தில் பட்டது என்பதைச் சத்தத்திலேயே சொல்லிவிடலாம், கண்ணை மூடிக்கொண்டு சொல்லிக் காட்டினேன். மாலை ஆட்டத்தில் நிழல் பாதி மைதானத்தை மூடும்போது பந்து நிஜமாகவே கண்ணுக்குத் தப்பும். இதையெல்லாம் எழுதினேன். இடது மூலையில் நிற்கும் ஆள் பந்தை எடுத்துத் தப்பான இடத்துக்கு எறிகிறான், வர்ணனை செய்கிறவர் ஒரே நகைச்சுவையை நாற்பது தடவை சொல்கிறார் என்பதையும் எழுதினேன். அதற்கெல்லாம் சார் ஒன்றும் சொல்லவில்லை.

ஒன்பதாம் பக்கத்தில்தான் தகராறு.

அந்த ஆட்டத்தில் ஒரு ஆட்டக்காரனின் மொத்த வாழ்க்கையையும் ஆடும் பகுதி ஒன்று உண்டு. பதினெட்டு வயதுப் பையனை நாமே உருவாக்கி, ஊர் பார்த்து, பள்ளிக்கூடம் பார்த்துச் சேர்த்து, சின்ன அணியில் தொடங்கிப் பெரிய அணிவரை கொண்டுபோக வேண்டும். நான் இருபத்திரண்டு பேரை உருவாக்கினேன். பதினொரு பேர் சின்ன ஊர், பதினொரு பேர் பேர்பெற்ற பள்ளி. உயரம், எடை, பயிற்சி எல்லாம் ஒன்றே. ஐந்து சீசன் ஓட்டினேன். பெரிய பள்ளிக்காரர்கள் திறமைப் புள்ளியில் நூற்றுக்கு எண்பத்தெட்டு, தொண்ணூறு என்று போனார்கள். சின்ன ஊர்க்காரர்கள் பதினொரு பேரும் எழுபத்தொன்றில் நின்றார்கள். அதற்கு மேல் ஒரு புள்ளி ஏறவில்லை. ஆனால் வாரம் தவறாமல் திரையில் பயிற்சியாளர் வந்து, இன்னும் கொஞ்சம் உழை, மேலே போய்விடலாம் என்று தோளில் தட்டிக்கொண்டிருந்தார்.

"அது கோளாறு இல்ல, டிசைன்" என்றார் சார்.

"டிசைன்னா பலவீனம்னு எழுதக் கூடாதா சார்?"

"அந்த வாழ்க்கை மோடை டிசைன் பண்ணதே அந்தக் கம்பெனி மார்க். நம்ம ரிப்போர்ட்டைப் படிக்கிறதும் மார்க். அவர் மூஞ்சியில போய் உன் மோடு மோசம்னு சொல்லச் சொல்றியா?"

"மோசம்னு எழுதலையே. எழுபத்தொண்ணுதான் உன் எல்லைன்னு மொதல்லயே சொல்லிடுங்க, இல்லன்னா எல்லையை எடுத்துடுங்கன்னு எழுதியிருக்கேன். சொல்லிட்டா ஆடுறவன் வேற ஊரு எடுப்பான், வேற ஆட்டம் ஆடுவான். சொல்லாம அஞ்சு சீசன் உழைக்க வைக்கிறது ஏமாத்து. வாங்கினவன் ஒருநாள் கண்டுபிடிப்பான், டிஸ்கை விட்டெறிவான்."

"ஏமாத்துன்னே எழுதியிருக்கே."

"வேற வார்த்தை இருந்தா சொல்லுங்க சார், மாத்திக்கிறேன்."

சார் நாற்காலியைத் திருப்பி முதல்முறையாக என்னைப் பார்த்தார். கோபப்படவில்லை. நியூஜெர்சியில் ஒன்பது வருஷம் இருந்துவிட்டு ஊருக்கு வந்து கம்பெனி தொடங்கியவர். கோபம் வந்தால் சிரிப்பார். அப்போது சிரித்தார். "பேரு வேணும். அவ்வளவுதானே? போட்டுடறேன் போ."

சாயங்காலம் பஸ் ஸ்டாண்டுக்கு நடக்கும்போது குந்தவை சொன்னாள். "இவ்வளவு சுளுவா அவர் எதையும் குடுத்து நான் பாத்ததில்ல."

"கேட்டாதானே குடுப்பாங்க."

"நான் மூணு வருஷமா கேக்காம இருக்கறது வாய் இல்லாமலா? எதுக்கும் நாளைக்குப் பிரிண்டைப் படிச்சுப் பாரு."

மறுநாள் காலை ஏழு மணிக்கு மார்க்கோடு போனில் பேச்சு. முதல் பஸ்ஸைப் பிடித்து ஆறரைக்கே போய்விட்டேன். ரிப்போர்ட் அச்சாகி மேஜையில் இருந்தது. முதல் பக்கத்தில், நடுவில், தடித்த எழுத்தில்: தயாரித்தவர், அ. அருள்ஜோதி. ஒரு நிமிஷம் அதையே பார்த்துக்கொண்டு நின்றேன். ஹால்டிக்கெட்டில், மார்க்‌ஷீட்டில் என் பேர் வந்திருக்கிறது. நான் செய்த வேலையின் மேல் வந்ததில்லை.

பிறகு புரட்டினேன். எட்டாம் பக்கத்தோடு முடிந்துவிட்டது. கடைசியில் நான் எழுதாத ஒரு வரி: வாழ்க்கைப் பகுதி சீராக உள்ளது, குறிப்பிடத்தக்க பலவீனம் எதுவும் காணப்படவில்லை.

அப்போதுதான் சாரின் நேற்றைய சிரிப்புக்கு அர்த்தம் புரிந்தது. நாளைக்கு இந்த ஆட்டத்தை வாங்கினவர்கள் எழுபத்தொன்றைக் கண்டுபிடித்து மார்க்கின் சட்டையைப் பிடித்தால், மார்க் இந்தத் தாளை எடுத்துப் பார்ப்பார். அதில் நேட் இருக்க மாட்டார். நான் இருப்பேன்.

சார் வந்தார். "சந்தோஷமா?"

"ஒன்பதாம் பக்கம் எங்க சார்?"

"நீ கேட்டது பேரு. பேரு வந்துருச்சு. எல்லாத்தையும் ஒரே நாள்ல கேக்கக் கூடாது ஜோதி."

"பக்கம் இல்லாம பேரு வேண்டாம்."

"அனுப்பியாச்சு. ராத்திரியே போயிருச்சு. மார்க் கேட்டா எஸ்னு ஒரு வார்த்தை சொல்லு, போதும். அடுத்த மாசம் உன்னை டீம் லீடர் ஆக்கறேன்."

என் டிராயரைத் திறந்தேன். ஜெராக்ஸ் புத்தகம், டம்ளர், சீப்பு. எடுத்துப் பையில் போட்டு, பையை மடியில் வைத்துக்கொண்டு மேஜைக்கு வந்து உட்கார்ந்தேன். குந்தவை பார்த்தாள். சார் பார்க்கவில்லை, போனை ஸ்பீக்கரில் போட்டுக்கொண்டிருந்தார்.

மார்க் நன்றாகப் பேசினார். எறிகிறவனின் தோளைப் பற்றி எழுதியதை இரண்டு தடவை பாராட்டினார். அந்தத் தோளை வடிவமைத்த அவர்கள் கம்பெனிப் பெண் அதைப் படித்து அழுதேவிட்டாளாம். பிறகு, வாழ்க்கைப் பகுதியில் குறை எதுவும் இல்லை என்று பார்த்தேன், நிம்மதி, அருள்ஜோதி யார், நீங்கள்தானே, இதை இப்படியே உறுதி செய்கிறீர்களா என்று கேட்டார்.

சார் என்னைப் பார்த்துத் தலையை ஆட்டினார்.

"இல்லை" என்றேன் ஆங்கிலத்தில். "கடைசி வரியை நான் எழுதவில்லை. நான் எழுதிய ஒன்பதாம் பக்கம் இதில் இல்லை. அதைக் கேட்டு வாங்கிப் படியுங்கள். படிக்காவிட்டால் இதிலிருந்து என் பேரை எடுத்துவிடுங்கள்."

சார் கையை நீட்டி மியூட்டை அழுத்தினார். அந்தப் பக்கத்திலிருந்து மார்க் ஹலோ, ஹலோ என்றார். எந்தப் பக்கம், அதில் என்ன இருக்கிறது என்று கேட்டார். சார் மேஜையைப் பிடித்துக்கொண்டு, "உக்காரு" என்றார், மெதுவாக. "உக்காந்து, தப்பாச் சொல்லிட்டேன்னு சொல்லு."

நான் ஏற்கெனவே எழுந்திருந்தேன். பையைத் தோளில் மாட்டி, வாசலில் செருப்பைப் போட்டுக்கொண்டு படியில் இறங்கினேன்.