பெயர் மாறிப்போன செல்கள்

பதினான்கு வருடங்களுக்கு முன் தன் ஆய்வகத்தை விட்டு அனுப்பிய மாணவனைத் தேடி டாக்டர் சாயிரா திருத்தணிக்கு வந்தாள். ஆடிக் கிருத்திகைக்கு இரண்டு நாள் இருந்தது. ஸ்டேஷனிலிருந்தே சந்தனம் பூசிய மொட்டைத் தலைகள்தான். ஆட்டோக்காரன் கூட்டத்துக்குள் வளைத்து வளைத்து ஓட்டி, அரக்கோணம் ரோட்டில் ஒரு டயர் கடை முன்னால் இறக்கிவிட்டான். மாடியில் விஜயனின் ரத்தப் பரிசோதனை நிலையம்.

வெறும் வயிற்றோடு ஏழெட்டுப் பேர் பெஞ்சில் காத்திருந்தார்கள். விஜயனுக்கு முன்நெற்றி ஏறியிருந்தது. ஒவ்வொருவரிடமும் பெயரையும் அப்பா பெயரையும் இரண்டு முறை கேட்டு, அவர்கள் கண் முன்னாலேயே குழாயில் சீட்டு ஒட்டினான். சாயிராவைப் பார்த்ததும் கை ஒரு கணம் நின்றது.

"உக்காருங்க மேடம். இவங்கள அனுப்பிட்டு வந்துர்றேன்" என்றான், நேற்றுப் பார்த்தவளிடம் சொல்வதுபோல.

சாயிரா அரக்கோணத்துக்காரி, மெக்கானிக் நூர் முஹம்மதுவின் மூத்த மகள். பெங்களூரில் முப்பது வருடம் ஒரே கேள்வியின் பின்னால் அலைந்தவள். நல்ல செல் பக்கத்துச் செல்லைத் தொட்டதும் வளர்வதை நிறுத்திக்கொள்கிறது. புற்றுநோய்ச் செல் ஏன் நிறுத்த மாட்டேன் என்கிறது? மார்பகப் புற்றுநோய்ச் செல்களில் அந்த வளர்ச்சிக்கு பிரேக் போடும் ஒரு புரதத்தைக் கண்டுபிடித்துவிட்டதாக அவள் எழுதிய கட்டுரைகள் நாலு நாட்டு ஆய்வகங்களில் பாடமாயின. விருது கொடுத்தார்கள். அரக்கோணத்தில் அவள் அப்பா பட்டறையை ஒருநாள் மூடி, தெரு முழுக்க பிரியாணி போட்டார்.

விஜயன் வந்து சேர்ந்தது அந்த நாட்களில்தான். பொதட்டூர்பேட்டைக்குப் பக்கத்தில் ஒரு கிராமம், வயல் கூலிக்குப் போகும் குடும்பம். நம்ம பக்கத்துப் பையன் என்று ஆசையோடு சேர்த்துக்கொண்டாள். மூன்றாவது வருடம் ஒருநாள் அவள் அறைக் கதவைத் தட்டினான்.

"மேடம், நம்ம செல்லு மார்பகச் செல்லே இல்லன்னு தோணுது. குரோமோசோம் எண்ணிப் பாத்தேன், ஒத்து வர்ல. எப்பவோ வேற செல்லு கலந்து, அதுதான் இத அழிச்சிட்டு வளந்துகினு இருக்குது. ஒரு தடவ டி.என்.ஏ. சோதனைக்கு அனுப்பலாம் மேடம்."

"பதினோரு வருஷமா நான் வளக்கிற செல்ல நீ எனக்கு அடையாளம் காட்டுறியா? கலந்திருந்தா நீதான் கலந்திருப்ப. உன் கை சுத்தமில்ல."

இரண்டு முறை திரும்பவும் வந்து கேட்டான். சோதனைக்கு ஒரு வாரம் போதும். அந்த ஒரு வாரத்தை அவள் கொடுக்கவில்லை. அப்போதே உள்ளுக்குள் பயம் இருந்ததா என்று பின்னாளில் தன்னையே பல தடவை கேட்டுக்கொண்டாள். இருந்தது. அந்த வருட அறிக்கையில் அவனைப் பற்றி 'கவனக்குறைவு' என்று எழுதினாள். அதோடு அவன் ஆராய்ச்சி நின்றுபோனது.

போன வருடம் ஒரு பத்திரிகை, செல்லின் அடையாளச் சான்று இல்லாமல் கட்டுரை போட முடியாது என்று சொல்லிவிட்டது. செல்லைச் சோதனைக்கு அனுப்பினாள். கர்ப்பப்பைவாய்ப் புற்றுநோய்ச் செல் என்று வந்தது பதில். விஜயன் சேர்வதற்கு ஆறு வருடம் முன்னால் உறையவைத்த குப்பியை எடுத்து அனுப்பினாள். அதற்கும் அதே பதில். நான்கு கட்டுரைகளைத் திரும்பப் பெற்றாள். மூன்று மாதத்தில் ஓய்வும் வந்தது.

கூட்டம் கலைந்ததும் விஜயன் எதிரில் வந்து உட்கார்ந்தான்.

"அறிவிப்பு படிச்சேன் மேடம். நான்தான் மொதல்ல சொன்னேன்னு என் பேரும் போட்டிருந்தீங்க."

"விஜயா, நான் உன்கிட்ட..."

"வேணாம் மேடம். எனக்கு ஒண்ணு மட்டும் செய்யுங்க. எங்க நைனாகிட்ட வந்து சொல்லுங்க. நான் சொன்னா நம்ப மாட்டாரு. என் கல்யாணத்துக்கே ஓரமா நின்னு பாத்துட்டுப் போயிட்டாரு."

அப்போதுதான் அவளுக்கு அவன் அப்பா வேடியப்பன் நினைவுக்கு வந்தார். மகனுக்காகப் பேச பெங்களூர் வரை வந்தவர். ஆய்வக வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தவரிடம், நின்றபடியே இரண்டே நிமிடம் பேசினாள்: "உங்க புள்ளைக்கு வேலையில அக்கறை இல்லீங்க. தப்பு பண்ணிட்டு சாக்கு சொல்றான்." அவர் கும்பிட்டுவிட்டுப் போனார். அதற்குப் பிறகு ஒருநாளும் அந்த முகத்தை அவள் நினைத்ததில்லை.

விஜயனின் பைக்கிலேயே அவன் ஊருக்குப் போனார்கள். தெருவில் வீட்டுக்கு வீடு தறிச் சத்தம். கடைசி வீட்டு வாசலில் வேடியப்பன் கட்டிலில் படுத்திருந்தார். விஜயன் வண்டியருகிலேயே நின்றுகொண்டான்.

"யாரு, அரக்கோணத்து டாக்டரம்மாவா?" அடையாளம் கண்டு எழுந்து உட்கார்ந்தார். அவர் மனைவி ஜெயம்மாள் நாற்காலி கொண்டுவந்து போட்டாள். சாயிரா உட்காரவில்லை.

"ஐயா, அன்னிக்கி நான் உங்ககிட்ட சொன்னது பொய். தப்பு என்னுது. உங்க புள்ளதான் அத கண்டுபுடிச்சான். அவன் சொன்னத நான் காதுலயே வாங்கல. உங்ககிட்ட அவனயே குத்தம் சொல்லி அனுப்பிட்டேன்."

வேடியப்பன் தரையைப் பார்த்துக்கொண்டே கேட்டார்.

"அன்னிக்கே அவன் கேட்ட அந்த சோதனைய செஞ்சிருந்தா இன்னா ஆயிருக்கும்மா?"

"எனக்கு அவமானமா போயிருக்கும். அவன் பட்டம் வாங்கியிருப்பான்."

"அவ்ளோதானா?"

வேடியப்பன் வண்டியருகே நின்ற மகனைப் பார்த்தபடியே சொன்னார்.

"எங்கிட்டயும் மூணு தபா சொன்னான்மா. 'நைனா, நான் தப்பு பண்ணல, அந்தம்மாதான் ஒத்துக்க மாட்டேன்றாங்க'ன்னு. பட்டறைக்காரர் பொண்ணு, நம்ம ஊர் பொண்ணு, அது ஏன் பொய் சொல்லப்போவுதுன்னு நானு... நீங்க அவன மூணு வருசம் பாத்தீங்க. நான் பெத்தவன். நான்தானே நம்பியிருக்கணும்."

"ஐயா, அது உங்க தப்பு இல்ல."

"எனக்குத் தெரியும்மா, யாரு தப்புன்னு."

ஜெயம்மாள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். "இத்தினி வருசமா மவன் ஒரே பஸ்ல எதுருல உக்காந்திருந்தாகூட இவுரு மூஞ்ச திருப்பிக்குவாரு" என்றாள். சாயிராவிடம் சொன்னாளா, தனக்கே சொல்லிக்கொண்டாளா, தெரியவில்லை.

வேடியப்பன் கட்டிலைப் பிடித்து எழுந்து, மெல்ல நடந்து வண்டியருகே போனார். மகன் தலைநிமிரவில்லை. அவர் கை வண்டியின் சீட்டைத் தடவிக்கொண்டே இருந்தது, மகனின் தோளுக்கு வரவில்லை.

"சாப்ட்டியா?" என்றார்.

"ஆங்" என்றான் விஜயன்.

திரும்பும் வழியில் சாயிரா கேட்டாள். "விட்ட இடத்துலேர்ந்து முடிக்க ஏற்பாடு பண்ணவா? நான் பல்கலைக்கழகத்துல பேசறேன்."

"எனக்கு நாப்பத்திரண்டு வயசாவுது மேடம்" என்றான் திரும்பிப் பார்க்காமல். "காலைல ஏழு மணிக்கு ஜனம் வந்து நிக்கும்."

ஸ்டேஷன் வாசலில் இறக்கிவிட்டு, பத்திரமா போங்க என்று மட்டும் சொன்னான். அரக்கோணம் வண்டி வந்து நின்றது. காவடிக் கூட்டம் இறங்கி முடியும்வரை சாயிரா ஓரமாக நின்றாள். ஜன்னலோரம் இடம் கிடைத்தது. நான்கு கட்டுரைகளைத் திரும்பப் பெற்ற அன்று, தன் பாவம் இத்தனைதான் என்று நினைத்து நிம்மதியாகத் தூங்கியிருந்தாள். இன்று அந்தத் தூக்கத்தை நினைக்கவே அவளுக்கு வெட்கமாக இருந்தது.