அத்தான் எழுதின வரி

மென்பொருளில் மச்சினன் செய்த திருத்தம் ஒப்புதல் கேட்டு அவன் கணினித் திரையில் நின்றது. பச்சைப் பொத்தானை அழுத்தினால் மறுநாள் அது ரத்தப் பரிசோதனைக் கூடத்துக்குப் போகும். அங்கே மக்கர் செய்யாமல் ஓடினால் மச்சினனுக்கு வேலை நிரந்தரம். இல்லாவிட்டால் மூட்டையைக் கட்ட வேண்டியதுதான். யார் யார் காலையோ பிடித்து அந்த வேலையை வாங்கிக் கொடுத்தவனே அவன்தான்.

வருஷக்கணக்காக அந்த மென்பொருளைக் கட்டிக்கொண்டு அழுதவனும் அவன்தான். இயந்திரம் அனுப்பும் முடிவுகளைப் பின்னணியில் தனியாக ஓடும் ஒரு வேலைச்சரடு, த்ரெட் என்பார்கள், வாங்கித் திரையில் தெரியும் பட்டியலில் சேர்க்கும். அந்தப் பட்டியலைத் தொடுகிற உரிமை திரையின் சொந்த த்ரெட்டுக்கு மட்டும்தான் உண்டு. வேறொன்று நேராகக் கை வைத்தால், பத்து நாள் சும்மா இருந்துவிட்டு, கூட்டம் நெரிகிற வேளையாகப் பார்த்துத் திரை படுத்துவிடும். "மூடிட்டுத் திறங்க மேடம், சரியாயிடும்" என்று சொல்லியே அவன் காலத்தை ஓட்டினான். நேற்று வந்த பயல், பின்னணி த்ரெட் பட்டியலைத் தொடவே வேண்டாம், வந்ததைத் திரையின் த்ரெட்டிடம் ஒப்படைத்துவிட்டுப் போகட்டும் என்று மாற்றி எழுதிவிட்டான். வருஷக்கணக்காக அழுதவனுக்குத் தெரியாத விஷயமா அது? எத்தனை இடத்தில் மாற்றுவது என்று மலைத்துத் தள்ளிப்போட்டதுதான்.

முந்தின நாள் சாப்பிடும்போது மனைவி கேட்டாள். "என்னங்க, தம்பிய உங்க முதலாளி எல்லார் முன்னாலயும் தட்டிக் குடுத்தாராமே? நீங்க ஒரு வார்த்தை சொல்லலையே?"

"மறந்துட்டேன்."

அவளுக்கு முகமெல்லாம் பல். தன்னைப் பற்றிப் பேசி அவள் முகம் அப்படி மலர்ந்து எத்தனை காலம் ஆயிற்று என்று யோசித்தான். பொறாமைதான். வேறு பெயர் வைத்து மழுப்ப அவனுக்கே வெட்கமாக இருந்தது.

அதனால்தானோ என்னவோ, திருத்தத்தைப் பேன் பார்ப்பதுபோல் பார்த்தான். அகப்பட்டுவிட்டது. ரத்து செய்யப்பட்ட ரத்த மாதிரியைப் பட்டியலிலிருந்து நீக்கும் வரி இன்னமும் பின்னணியிலிருந்து நேராகக் கை வைத்துக்கொண்டிருந்தது. பழைய வரி, அவனே எழுதியது. எல்லாவற்றையும் மாற்றிய கெட்டிக்காரன் இதை எப்படிக் கோட்டைவிட்டான்? உள்ளுக்குள் ஒரு குஷி கிளம்பியது. 'இதையும் மாற்று' என்று அடித்தான். அடித்ததை அழித்தான். பச்சைப் பொத்தானை அழுத்தினான்.

மறுநாள் பரிசோதனைக் கூடத்தில் முடிவுகள் மளமளவென்று வந்து விழுந்தன. திரை அசையவில்லை. பொறுப்பாளர் அம்மாள் வாயெல்லாம் சிரிப்பாக இருந்தாள். "பரவாயில்லையே தம்பி, ஒரு தடவகூட நிக்கல!" அவனும் பல்லைக் காட்டி வைத்தான்.

"சரி, ஒண்ண ரத்து பண்ணினா?" என்று கேட்டாள் அந்த அம்மாள்.

மச்சினன் திரும்பி அவனைப் பார்த்தான். அந்தப் பார்வையில் துளி நக்கல் இல்லை.

"ரத்து பண்ற வரி எங்க அத்தான் எழுதினது மேடம். பாத்தேன், மாத்தலாமான்னு தோணுச்சு. அவர் எழுதினதுல நான் போய்க் கை வைக்கறதா? அவர் செஞ்சா அதுல ஏதாவது காரணம் இருக்கும்னு விட்டுட்டேன்."

வேண்டாம் என்று அவன் ஒரு வார்த்தை சொன்னால் போதும். ஆனால் எல்லோரும் ஏன் என்று கேட்பார்கள்.

திரையில் பட்டியல் நகர்ந்துகொண்டே இருந்தது. பொறுப்பாளர் அம்மாள் மூக்குக்கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு, ரத்து செய்ய நடுவில் ஒரு பெயரின்மேல் அம்புக்குறியைக் கொண்டுபோய் நிறுத்தினாள். விரல் மெல்ல இறங்கியது.